தொடாமல் சொன்ன கரணம்

விளையாட்டு விழாவில் பங்குபெறும் மாணவியரின் பட்டியலை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டால் அதில் மாற்றமில்லை. மாற்றியே ஆகவேண்டுமானால் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதி கைக்கு வரும்வரை முதலில் பெயர் தரப்பட்டவரே பங்குபெறுவார். ஐம்பதுகளில் பெங்களூரில் நாங்கள் படித்த பள்ளியின் விதி இது. ஓய்வுபெறும்வரை நானும் அரசு விதிகளோடுதான் குடித்தனம் நடத்தினேன். இவ்வளவு தெளிவான வாசகத்தை அதிகம் பார்த்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அதை யாரும் பின்பற்றவில்லை.

பட்டியலில் இருந்த பெயர் அக்காவுடையது. பெண்கள் வரிசையாக உடற்பயிற்சி செய்து காட்ட, கடைசியில் அவள் மட்டும் முன்னே வருவாள். நின்ற இடத்திலிருந்து பின்பக்கமாகத் துள்ளி, உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி, சுழன்று மறுபடி காலில் நிற்பாள். டிரில் மிஸ் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் சொல்வார். நாங்கள் பின்கரணம் என்றோம்.

விழாவுக்குச் சில வாரங்களே இருந்தபோது அக்கா பெரியவளானாள். வேலூரிலிருந்து அத்தை வந்து இறங்கினார். காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டின் பின்னறையில் தனிப்பாய், தனித்தட்டு, தனிச்செம்போடு அக்கா உட்கார வைக்கப்பட்டாள். சடங்கு முடியும்வரை அவளை யாரும் தொடக்கூடாது. முடிந்தபிறகு அவள் டிரில் பக்கம் போகக்கூடாது.

எங்கள் வீட்டில் சட்டத்தை அப்பாவும் சம்பிரதாயத்தை அத்தையும் நிர்வகித்தார்கள். இரண்டும் மோதினால் அத்தை வெல்வார்; அப்பா அந்த வெற்றிக்கு முறைப்படி விண்ணப்பம் எழுதுவார். 'குடும்பக் காரணங்களால் மூத்த மகளுக்குப் பதிலாக இளைய மகள்' என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். இளைய மகளாகிய எனக்கு அப்போது பத்து வயது. பதிலுக்குக் காத்திராமல் டிரில் மிஸ் ஒப்புக்கொண்டார்; ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். விழாவுக்குள் நான் யார் துணையுமின்றிக் கரணம் போட வேண்டும். இல்லையென்றால் நிகழ்ச்சியிலிருந்து கரணத்தையே எடுத்துவிடுவார்.

இதைக் கேட்டதும் அக்கா பாயிலிருந்து எழுந்து, பின்முற்றத்தைப் பார்த்திருந்த அறை வாசற்படிக்கு வந்தாள். அதற்கு மேல் வர அவளுக்கு அனுமதியில்லை.

விருந்தாளிகளுக்கான இலவம்பஞ்சு மெத்தையைப் பின்முற்றத்தில் விரித்தேன். முதல் துள்ளலில் நேராக மேலே போய், நேராகக் கீழே வந்தேன்.

"இன்னாடி, கூரை மேல ஏறப்போறியா?" என்றாள் அக்கா. "மேல எகிறாத. பின்னால போ."

"பின்னால என்ன இருக்குன்னே தெரியலையே."

"ஒண்ணும் இல்ல. அதான் அங்க போகணும்."

என் முட்டிகள் முன்னால் வளைந்தன. அப்படி வளைந்தால் பலமெல்லாம் மேலே போய்விடும் என்றாள். "பின்னால நாற்காலி இருக்குன்னு நெனச்சு உட்காரு. உட்காரப்போற நேரத்துல யாரோ அத இழுத்துட்டாங்க. அப்ப எகிறு."

பின்னால் போகக் கற்றதும் முழங்கைகள் மடங்கின; உச்சந்தலை மெத்தையில் இடித்தது. உடனே கரணத்தை நிறுத்திவிட்டு என்னைச் சுவரிடம் அனுப்பினாள். "சொல்ப நேரம் கைய ஊனி நில்லு. முழங்கை மடங்கக்கூடாது. தோளால மட்டும் தள்ளு." பிறகு, கைகள் காதோடு ஒட்டியிருக்க வேண்டும், தலையை வெடுக்கென்று பின்னால் எறியக்கூடாது, கண் கைகளைத்தான் தேட வேண்டும். நான் தரைக்கு வந்து சேருமுன்பே எங்கே தவறினேன் என்று சொல்லிவிடுவாள். வாசற்படியில் உட்கார்ந்தபடி என் உடம்புக்குள் நடப்பதை அவள் எப்படிப் பார்த்தாள் என்று நான் பிரமித்துப்போனேன். அது என் உடம்பே அல்ல, அவள் எனக்கு இரவல் கொடுத்தது என்றுகூடத் தோன்றியது.

ஆனாலும் முதுகுக்கு ஒரு கை வேண்டும். ஆரம்பத்தில் அது இல்லாமல் யாராலும் முடியாது. அக்கா தொடக்கூடாது, ஆகவே அத்தையைக் கூப்பிட்டாள்.

"அத்தை, அவ இடுப்புக்குக் கீழ கைய வைங்க. தள்ளாதீங்க, தாங்குங்க."

"பொம்பளப் புள்ளைய தலகீழா கவுக்கறதுக்கா நான் வேலூர்லருந்து வந்தேன்?" என்றார் அத்தை. என்றாலும் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து கையை வைத்தார். நான் துள்ளிய கணத்தில் அந்தக் கையை எடுத்துத் தம் கண்களைப் பொத்திக்கொண்டார். நான் கழுத்து மடங்கி விழுந்தேன். இனிமேல் மாட்டேன் என்று அழுதேன்.

மறுநாள் பிற்பகல் சடங்குச் சாமான் வாங்க அத்தையும் அம்மாவும் அல்சூருக்குப் போனார்கள். அக்கா வாசற்படியைத் தாண்டி வந்தாள். ஒரு கையை என் இடுப்பின் பின்புறத்திலும் மற்றொன்றைத் தொடைக்குப் பின்னாலும் வைத்தாள்.

"உட்காரு," என்றாள்.

இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தேன். உலகம் ஒருமுறை புரண்டு, நான் நின்றுகொண்டிருந்தேன். மறுபடி செய்தேன். அவள் கை எப்போது விலகியது என்று எனக்குத் தெரியாது.

"தரையத் தள்ளினதும் ரெண்டு காலும் ஒண்ணா எறங்கணும். இரு, பாரு," என்று பாவாடையைக் கச்சமாக இழுத்துச் செருகினாள். மெத்தையை விட்டு விலகி, வெறும் மண்ணில் நின்றாள். துள்ளினாள். பின்னல் வளையமாகச் சுழன்றது; பாதங்கள் சேர்ந்து இறங்கியதில் சத்தமே இல்லை. எனக்குக் கை தட்டக்கூடத் தோன்றவில்லை. அவள் மறுபடி துள்ளினாள். நான் போதும், புரிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் துள்ளினாள். முற்றத்தின் மறுகோடிவரை கரணம் கரணமாகப் போய், மூச்சு வாங்க நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கற்றுத்தரத்தான் அத்தனையும் என்று நினைத்தேன்.

பிறகு, "போய்த் தலைக்கு ஊத்திக்கோ. என்னத் தொட்டுட்டே," என்றாள்.

திரும்பிவந்த அத்தை என் ஈரத்தலையைப் பார்த்தார். "இந்நேரத்துல எதுக்குடி குளியல்?"

"வேர்த்துச்சு அத்தை."

முற்றத்து மண்ணில் என் கைகளைவிடப் பெரிய உள்ளங்கைத் தடங்கள் மறுகோடிவரை பதிந்திருந்தன. அத்தை அவற்றைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு துடைப்பத்தை எடுத்துத் தாமே பெருக்கிவிட்டார்.

விழாவில் நான் கரணம் போட்டேன், கைதட்டினார்கள். அக்கா வரவில்லை. வீடு திரும்பியதும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ரெண்டு காலும் சேர்ந்து எறங்குச்சா?"

"சேர்ந்துதான்."

"அப்ப சரி," என்று காய்ந்த துணிகளை மடிக்கப் போய்விட்டாள்.

அப்பாவின் விண்ணப்பத்துக்கு மட்டும் பதில் வரவில்லை. விழா முடிந்தால் விண்ணப்பம் முடிந்துவிடுமா என்ன. அவர் வருடந்தோறும் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தார். அக்காவைப் புகுந்த வீட்டுக்கு ரயிலேற்றிவிட்டு வந்த மறுநாள் பதில் வந்தது. கோரிக்கையை ஏற்பதற்கில்லை; பட்டியலில் பெயருள்ள மாணவியே பங்குபெற வேண்டும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அவர் அதை இருமுறை படித்துவிட்டு, பேனாவைத் திறந்து, வழக்கம்போல் ஓரத்தில் பெறப்பட்ட தேதியைக் குறித்தார்: மே மாதம் ஒன்பது.