இறைப்பு மிசினின் சத்தம்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. என் கையெழுத்து வளைந்து போகும், எழுத்துப் பிழையும் இருக்கும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வெட்கம், அதனால்தான் எழுதுகிறேன். கொட்டிலில் கிடக்கும், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த பழைய மண்ணெண்ணெய் மிசினைப் பார்க்கும்போதெல்லாம், என் மனைவி கிணற்றடியில் நின்ற ஒரு காலை நினைவுக்கு வருகிறது.

அவள் ஆஸ்பத்திரியில் தாதி, சுகமில்லாத பிள்ளைகள் படுக்கும் வாட்டில் வேலை. புத்தூரில் எங்கள் வீட்டில் என் அம்மாவின் சட்டம் ஒன்று இருந்தது: ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் கிணற்றடியில் தலை முழுகாமல் படியேறக் கூடாது. "மாமி, நான் அங்கை குளிச்சிட்டுத்தான் வாறன்" என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். "அங்கை குளிச்சது அங்கை" என்றார் அம்மா. புதிதில் அவள் சிரித்துக்கொண்டே முழுகினாள். பிறகு வாட்டில் ஆட்கள் குறைந்து, இரவு வேலை முடிந்த கையோடு பகல் வேலையும் அவள் தலையில் விழத் தொடங்கியது. வீட்டில் அவளுடைய பேச்சு நின்றது. சோறு கோப்பையில் அப்படியே காயும்.

அன்று காலை வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க நான் போனபோது, வெள்ளை உடுப்போடு வாளியைப் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் அள்ளவில்லை.

"பிள்ளை ஒண்டு செத்துப்போச்சு. நான் அழேல்லை, அடுத்த கட்டிலுக்குப் போயிட்டன்" என்றாள். "இனி என்னாலை ஏலாது. வேலையும் வேண்டாம், இந்த வீடும் வேண்டாம். உடுவிலுக்கு, எங்கடை அம்மாவிட்டை போகப்போறன்."

"முதல் முழுகும்" என்று மட்டும் நான் சொல்லி, மிசினை இயக்கி, குழாய் வாயைக் குளிக்கிற கல்லுப் பக்கம் திருப்பினேன். அந்த இரைச்சலுக்குள் அவள் குரலெடுத்து அழுதாள். வீட்டுக்குள் கேட்காது. நான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெகு நேரம் கழித்து வந்து தேத்தண்ணி கேட்டாள். உடுவில் பேச்சை அன்று திரும்ப எடுக்கவில்லை.

அதன்பிறகு அவளுடைய பஸ் வரும் நேரத்துக்கு மிசின் ஓடும். "என்னடாப்பா, வெங்காயத்துக்கும் ஒவ்வொரு நாளும் முழுக்கோ? அழுகப்போகுது!" என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணை நக்கலடித்தார். தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டேன். அந்த முறை வாழைகள் குலையின் பாரம் தாங்காமல் சாய்ந்தன.

ஒருநாள் மிசின் இயங்க மறுத்தது. கயிற்றை இழுத்து இழுத்து என் கை ஓய்ந்துபோனது. அவள் சத்தமில்லாத கிணற்றடியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்போது அம்மா படியிறங்கி வந்தார். முழுகாமல் நின்றவளை அப்படியே கட்டிப் பிடித்தார்.

"அழு பிள்ளை, ஆர் கேட்டால் என்ன? உந்த மிசின் ஏன் ஓடுதெண்டு எனக்குத் தெரியாதோ?"

பிறகு என்னைப் பார்த்தார். "என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய், தண்ணியை அள்ளடா. இப்ப நாங்கள் ரெண்டு பேரும் முழுக வேணும்!"

அடுத்த கிழமை மனநல டொக்டரிடம் அவளைக் கூட்டிப் போனதும் அம்மாதான். கொஞ்ச நாள் லீவு, மருந்து, டொக்டரோடு மனம்விட்டுக் கதைத்தல். பிறகு தன் விருப்பத்தோடு அதே வாட்டுக்குத் திரும்பினாள்.

இப்போது கரண்ட் மோட்டார், இரைச்சல் இல்லை. கிணற்றடியில் அவள் கதைப்பது முற்றம் முழுக்கக் கேட்கும். சில நாள் அழுகையும் கேட்கும். அம்மா தேத்தண்ணியோடு இறங்கிப் போவார். இன்று அவள் வாசல் படலையில் நின்றே கூப்பிட்டாள்: "மாமி, மூண்டு பிள்ளையள் சுகமாகி வீட்டை போயிட்டினம்!"

"சரி சரி, முதல் முழுகு" என்றார் அம்மா.

எழுதியது, பட்டிப்பொங்கலன்று பின்னேரம்.