தண்ணீர் தாங்குகிற செடி

அக்கா வீட்டுப் பின்புற முற்றத்தை வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. சுற்றிலும் அடுத்த வீட்டுச் சுவர்கள். அங்கேயும் வருஷம் பூரா பச்சை நிற்கவேண்டும் என்று அக்காவுக்கு ஒரே பிடிவாதம். துணிக் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கிறவள் அவள். ஒரு பிசிறு நூல் தப்பாது. நர்சரிக்காரரையும் அப்படித்தான் பாடாய்ப் படுத்தினாள். இலை கொட்டுவது வேண்டாம், வெயில் கேட்பது வேண்டாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் பாம்புச் செடிகளைத் தொட்டியோடு வாங்கி வந்தாள். ஜம்மென்று நின்றன.

அப்புறம்தான் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் மாமாவிடம் செடிப் பேச்சுதான்.

"மண்ணத் தொட்டுப் பாருங்க. நல்லா காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. நிழல்ல இருக்கறதுக்கு தாகம் கம்மி."

மாமா ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். தலையில் ஏற்றிய கண்ணாடியை வீடெல்லாம் தேடுவார். அவர் எங்கே ஊற்றப்போகிறார் என்று தினமும் காலையில் நான் போய் ஊற்றினேன். காலேஜ் விட்டு வந்து அக்கா மகள் ஊற்றியிருக்கிறாள். மாமாவும் மறக்காமல் ஊற்றியிருக்கிறார், பாவம். ஒருவர் ஊற்றியது மற்றவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் எவ்வளவு நேரம்தான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பது? செடிக்காவது ஏதாவது செய்யலாமே.

வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சந்தோஷமா வெச்சுக்கங்க" என்றார் டாக்டர். எப்படி வைத்துக்கொள்வதாம்? அதையும் அவரே சொல்லித் தொலைத்திருக்கலாம். அக்காவிடம் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அவளிடம் எதை மறைக்க முடியும்?

வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டே முற்றத்துக்குப் போனாள். ஒரு செடியைத் தொட்டாள். அழுகி, கையோடு வந்துவிட்டது.

"யாரு தண்ணி ஊத்துனது?"

"நான்தான்" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துத் திருதிருவென்று விழித்தோம்.

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் படியில் உட்கார்ந்து எங்களையே பார்த்தாள்.

"இவ்ளோ பயமா உங்களுக்கு?" என்றாள். "சரி, வண்டிய எடுங்க. நர்சரிக்குப் போலாம்."

"இந்த உடம்போடயா? நீ படு, நான் வாங்கிட்டு வரேன்" என்றேன்.

"நீ கிழிச்ச. வா."

அவளால் வேனை விட்டு இறங்க முடியவில்லை. நர்சரிக்காரர் தொட்டிகளை ஜன்னலுக்கே தூக்கி வந்து காட்டினார்.

"நிழல்ல இருக்கணும், எப்பவும் பச்சையா இருக்கணும். எவ்ளோ தண்ணி ஊத்துனாலும் தாங்கணும்" என்றாள்.

"மணி பிளான்ட்ட மண்ணே இல்லாம தண்ணியில விட்டாலும் வரும்மா. ஆனா நீங்க அளந்து ஊத்துறவங்களாச்சே, உங்களுக்கு எதுக்கு அது?"

"எனக்கில்ல" என்று எங்களைப் பார்த்து மோவாயை அசைத்தாள் அக்கா. "மூணு குடுங்க. ஆளுக்கு ஒண்ணு."