நாலால் பெருக்கத் தெரியாதவன்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் கம்பவுண்டர் சடகோபன். அதைச் சொல்லிவிட்டுத்தான் தொழிலைப் பற்றிச் சொல்ல முடியும். அடுத்தவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எண்ணுகிற தொழில், பார்க்கிறவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும். சரியாகச் செய்த வேலையை மேலே இருக்கிறவர் தப்பு என்று சொல்ல, வாயை மூடிக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என் பக்கம் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

எழுபதுகளில் காஞ்சிபுரத்தில் நாலு கட்டில் போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கும் வேலை எனக்கு. மூன்றாம் வகுப்போடு நின்றவன். எண்ணத் தெரியும், வாய்ப்பாடு தெரியாது. ஆள் பற்றாததால் டாக்டர் எனக்கு நாடி பார்க்கவும் பழக்கிவிட்டார். நல்ல வேலை. உட்கார்ந்து செய்யலாம்.

கால் நிமிஷம்

வேதாசலம் என்ற நெசவாளி, நாலடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்று வந்து படுத்தார். இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது, குயினிடின் மாத்திரை கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவரலாம் என்றார் டாக்டர். மலேரியாவுக்குக் கொடுப்பார்களே கொயினா, அதற்குப் பங்காளி இது. கசப்பும் அதே கசப்பு. குறைந்தால் வேலை செய்யாது, மிஞ்சினால் இதயத்தையே நிறுத்திவிடும். அதனால் ஒவ்வொரு மாத்திரைக்கு முன்னாலும் நாடியை எண்ணிச் சொல்ல வேண்டும்.

சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள் ஒரு சுற்று முடிகிற வரைக்கும் எண்ணி, தொண்ணூற்று நாலு என்றேன். சடகோபன் கால் நிமிஷம் எண்ணினார், நாலால் பெருக்கினார், நூற்றுப் பதினாறு என்றார். "துடைப்பம் புடிக்கிற கை நாடி புடிச்சா இப்படித்தான் சார், வாய்க்கு வந்ததைச் சொல்வான்" என்று எல்லார் எதிரிலும் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் தானே முழு நிமிஷம் எண்ணிப் பார்த்தார். தொண்ணூற்று ஆறு. "இந்த நாடி கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நொண்டும். முழுசா எண்ணினாத்தான் சரி. இனிமே முனுசாமியே எண்ணட்டும்" என்றார்.

தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சடகோபன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது, "அவனுக்குப் பெருக்கத் தெரியாது சார், அதான் முழுசா எண்ணுறான்." கட்டிலில் படுத்திருந்த வேதாசலத்துக்கு அது புரியவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "இன்னாபா, காலையில கட்டிலுக்கு அடியிலகூட நல்லாத்தானே பெருக்கினே?"

சேதாரம்

மறுநாள் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து எண்ண, அதே நிமிஷம் நான் மணிக்கட்டில் எண்ணினேன். அவருக்கு நூற்று இருபத்தெட்டு, எனக்குத் தொண்ணூற்று நாலு. சடகோபன் முகம் மலர்ந்தது. ஆனால் டாக்டர் விளக்கிவிட்டார். இதயம் சில தடவை வெறுமனே துடிக்கிறது, அந்தத் துடிப்பு கை வரைக்கும் வருவதில்லை. இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக வேண்டும், மாத்திரையே அதற்குத்தான்.

வேதாசலத்தின் சம்சாரம் பச்சையம்மா பக்கத்தில் நின்றிருந்தார். முதலாளியிடம் பட்டு நிறுத்து வாங்கி, புடவையாக நிறுத்துக் கொடுத்தே பழக்கப்பட்டவர். எங்கள் மூன்று பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "புடவை நெய்ஞ்சாக்கூட இவ்ளோ சேதாரம் போவாதுபா. முப்பத்தி நாலு எங்க போச்சுன்னு ஒழுங்கா தேடிப் பாருங்க."

சாத்திய நடை

மூன்றாம் நாள் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். பகல் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் போனதும் வேதாசலம் எழுந்து உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கோயில் மணி அடிக்குதுபா" என்றார். சற்றுப் பொறுத்து மறுபடியும் கும்பிட்டார். எனக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்துக் கோயிலில் உச்சிகாலம் முடிந்து நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். நடுவில் ஏது மணி?

அடுத்த மாத்திரையோடு வந்த சடகோபனிடம் சொன்னேன். "அவரு சாமி கும்புட்டா உனக்கு இன்னாடா?" என்றார். மாத்திரையைக் கொடுக்காதீர்கள் என்று கையைப் பிடித்து நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டர் கைகூடக் கழுவாமல் இறங்கி வந்தார். காதில் மணி அடித்தால் மருந்து மிஞ்சிவிட்டது என்று அர்த்தமாம். மாத்திரையை நிறுத்தினார், இ.சி.ஜி. எடுத்தார், ஒரு நாள் விட்டு அளவைக் குறைத்து ஆரம்பிக்கலாம் என்றார். விஷயத்தைச் சொன்னதும் வேதாசலம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ இவ்ளோ நேரமா நான் யாரைக் கும்புட்டேன்?"

எழுபத்தாறு

அதற்குப் பிறகு ஒருநாள் காலை மணிக்கட்டைப் பிடித்தேன். நொண்டலைக் காணவில்லை. என் விரலின் துடிப்பைத்தான் எண்ணுகிறேனோ என்று பயந்து மற்றக் கையைப் பிடித்தேன். அதிலும் ஒரே சீர். எழுபத்தாறு. டாக்டர் நெஞ்சில் எண்ணினார், அங்கேயும் எழுபத்தாறு. மெஷினும் அதையே சொன்னது. பச்சையம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நாடி பிடித்த எனக்கு அதுவரைக்கும் யாரும் கும்பிடு போட்டதில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

இப்போதாவது சொல்வார் என்று சடகோபன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வந்து மணிக்கட்டைப் பிடித்தார். கால் நிமிஷம் எண்ணினார். பத்தொன்பது. நாலால் பெருக்கினார். கையை விட்டுவிட்டுச் சிரித்தார். "பாத்தியாடா முனுசாமி, என் கணக்குலயும் அதே எழுபத்தாறுதான். நான் அன்னிக்கே சொன்னேன்."

சீரான நாடிக்குக் கால் நிமிஷம் போதும் என்பது எனக்கும் தெரியும், ஆனால் அன்றைக்கு அது சீராக இல்லை என்று அவர் வாயால் வர வேண்டிய வார்த்தை இன்னும் பாக்கி, அவரும் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார், எனக்கும் ஒன்றும் அவசரமில்லை.