இடதுகைக்கு ராவிய இஜெக்டர்

துவக்குகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் ரெனால்ட் நிறுத்த மாட்டார். மனிதரைப் பற்றிக் கதைக்கச் சொன்னால் வாயே திறக்க மாட்டார். கொழும்புக் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து, அங்கேயே ஐம்பது வயதும் தாண்டி, கலியாணப் பேச்சோடு வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பிய ஆள். கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளைத் தாண்டிப் போனால் வருகிற சுடும் கழகத்தில் துவக்குத் திருத்துவதுதான் வேலை. போட்டிக்குச் சுடுகிறவர்களின் கழகம் அது. துவக்குகள் அங்கேயே இரும்பு அறைக்குள் பூட்டிக் கிடக்கும். யாருடைய வீட்டுக்கும் போகாது.

அங்கே ஒரு லீவர் றைபிள் இருந்தது. விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளித் திரும்ப இழுத்தால், சுட்ட ரவையின் வெற்றுக் கோது வெளியே போய்ப் புது ரவை உள்ளே வரும். கோதைத் தட்டி வெளியே எறிகிற சின்ன உருக்குத் துண்டின் பெயர் இஜெக்டர். இந்தத் துவக்கின் இஜெக்டர் எறிவதில்லை, பக்கத்தில் மெல்லப் போட்டுவிடும். லீவரைச் சடக்கென்று இழுக்கத் தெரிந்தவர்களுக்கு அது பரவாயில்லை. பயந்து பயந்து இழுக்கிற புதியவர்களுக்கோ கோது வெளியே போக மனமில்லாததுபோல உள்ளேயே விழுந்து சிக்கிக்கொள்ளும்.

"ரெனால்ட், பழக வாற எல்லாரும் இந்தத் துவக்கத்தான் ஏசுறாங்க," என்றார் கழகச் செயலாளர் நபீஸ். "புது இஜெக்டர் வந்து எவ்வளவு நாள்? ஏன் இன்னும் போடல்ல?"

"பாத்துக்கொண்டிருக்கிறன் சேர். கோதை இழுக்கிற கொளுக்கியிலயும் பிழை இருக்கலாம்."

பச்சைப் பொய். கொளுக்கி நன்றாகத்தான் இருந்தது. கோதின் விளிம்பை அது விடாமல் பிடிப்பதை மருந்தில்லாத வெற்று ரவை போட்டு ரெனால்டே பார்த்திருந்தார். உள்ளே கரியும் இல்லை, ஊத்தையும் இல்லை. பிழை இஜெக்டரில்தான். அதைப் பிழையாக்கியவரும் அவரேதான்.

சண்டை ஓய்ந்து சமாதானம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு வங்கியின் அணிக்குச் சுட ஷெரோமி வந்தாள். கொச்சிக்கடைப் பக்கத்துத் தமிழ்ப் பெண். வாசலில் அவளுடைய அடையாள அட்டையை மற்றவர்களுடையதைவிட அதிக நேரம் புரட்டிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். அவள் அதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லை. அவள் இடதுகைக்காரி. துவக்கோ கோதை வலப்பக்கம் எறிகிற சாதி. வலதுகைக்காரருக்கு அது விலகிப் போகும். இடது தோளில் வைத்துச் சுடுகிறவளுக்கு முகத்துக்கு நேரே பறக்கும். முதல் நாளே சூடான கோது ஒன்று கன்னத்தில் பட்டது. அவள் சிரித்தாள். ரெனால்டுக்குத்தான் சுட்டது.

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் இஜெக்டரைக் கழற்றினார். நுனியை அரத்தால் கொஞ்சம் ராவினார், ஸ்பிறிங்கைக் கொஞ்சம் வளைத்தார், அவள் சுடும்போது பக்கத்தில் நின்று பார்த்தார், பிறகு இன்னும் கொஞ்சம் ராவினார். கடைசியில் கோது அவளுடைய முழங்கைக்குப் பக்கத்தில், படுத்துச் சுடுகிற பாயின்மேல், பூப்போல விழுந்தது. மனிதருக்கு வாய் எதற்கு இருக்கிறது? "ஷெரோமி, எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்ற ஒரு வசனத்தைச் சொல்லத் துப்பில்லாமல், அந்த மனிதர் ஒரு வருசம் முழுக்க இரும்பை ராவிக்கொண்டிருந்தார். சண்டை திரும்பத் தொடங்கியதும் அவள் சுட வருவது நின்றது. பிறகு கலியாணம், மெல்பேர்ண். கலியாண வீட்டில் ரெனால்ட் ஓடியாடிக் கதிரை எடுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அந்த இஜெக்டரை அவர் தொடவில்லை. அந்தத் துவக்கை மற்றவர்கள் சுடும்போதும் கோது விழுகிற இடத்தைப் பார்ப்பார். அங்கே அவளுடைய முழங்கை இருக்காது. அதையும் பார்ப்பார்.

இனியும் பொறுக்காமல் ஒரு வெள்ளிக்கிழமை நபீஸ் பக்கத்தில் நின்றே புதியதைப் போடவைத்தார். வேலை சுத்தமாக அமைந்தது. லீவரை எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் கோது பாய்ந்து போய்ச் சுவர்த் தகரத்தில் அடித்தது. "இது இஜெக்டர்!" என்று நபீஸ் சந்தோசப்பட்டார். போகிற போக்கில், "நாளைக்கி நம்மட பழைய ஷெரோமி வாறாங்க. அம்மாட ஆண்டுப் பூசைக்கு வந்தவங்களாம். அஞ்சு ரவை சுடோணுமாம், எடுத்துக் குடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரெனால்ட் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்து, புது இஜெக்டரைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுப் பழையதை மாட்டினார். ஒருமுறை, ஒரே ஒருமுறை, கோது அந்த முழங்கைக்குப் பக்கத்தில் விழ வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஷெரோமி வந்தாள். முன்தலை நரைத்திருந்தது, மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். "இன்னும் இங்கதான் நிக்கிறீங்களா ரெனால்ட்?" என்றாள்.

"ஓம். எங்க போக?"

அவள் பாயில் படுத்து, துவக்கை இடது தோளில் வைத்தாள். முதல் வெடி. லீவர் சடக்கென்றது. கோது முழங்கையருகே விழுந்தது. ஐந்தும் அங்கேயே விழுந்தன. ஐந்தாவதுக்குப் பிறகு அவள் எழும்பவில்லை. கோதுகளைப் பார்த்தபடியே காதுமூடியைக் கழற்றினாள்.

"நான் அங்கயும் இதே துவக்கு வாங்கினனான், தெரியுமா? இதே கொம்பனி, இதே மொடல். அது முகத்திலதான் அடிக்குது. கொழும்பில இருந்தது இப்பிடியில்லை, பக்கத்தில வைச்சுவிடும் எண்டு கடைக்காரனிட்டச் சொன்னன். அவன் சிரிக்கிறான். மூண்டு பேரிட்டக் குடுத்துப் பாத்திட்டன். இதுக்கு மட்டும் என்ன?"

"அது... இஜெக்டரைக் கொஞ்சம் ராவியிருக்கு."

"ஆர் ராவினது?"

"நான்தான்."

அவள் எழும்பி உட்கார்ந்தாள். "அப்ப கழட்டித் தாங்கோவன், கொண்டு போறன்."

"துவக்குச் சாமான். ஏர்போட்டில பிடிச்சு வைச்சிருவாங்கள்."

"சரி, அளவைச் சொல்லுங்கோ. எவ்வளவு ராவினீங்கள்? எவ்வளவு வளைச்சீங்கள்? அங்க சொல்லிச் செய்விக்கிறன்."

ரெனால்ட் துவக்கைப் பார்த்தார். வேறு எந்தத் துவக்கின் அளவைக் கேட்டிருந்தாலும் மயிரிழை பிசகாமல் சொல்லியிருப்பார். இதற்கு ஒரு இலக்கத்தை இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஏனோ பொய் வாயில் வரவில்லை.

"அளவு எடுக்கேல்ல," என்றார். "உங்கட முகத்தைப் பாத்துப் பாத்துத்தான் ராவினனான்."

பக்கத்துத் தடத்தில் யாரோ சுட்டார்கள். ஷெரோமி திடுக்கிடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், திரும்பப் போட்டாள், திரும்பவும் கழற்றினாள். ஐந்து கோதுகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை.

"அப்ப அங்க எந்தக் கடையிலயும் சரிவராது, என்ன?"

"வராது."

அவள் கோதுகளை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை. "சொல்லியிருக்கலாமே ரெனால்ட்," என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். பிறகு எழும்பி, பாயைத் தானே சுருட்டி வைத்துவிட்டு, வெளியே காத்திருந்த வாடகைக் காரை நோக்கி நடந்தாள்.

கார் சந்தியில் திரும்பும் வரை ரெனால்ட் நின்றார். பிறகு மேசைக்குப் போய்ப் பழைய இஜெக்டரைக் கழற்றினார். சட்டைப் பைக்குள் இருந்த புதியதை எடுத்து மாட்டி, ஒரு வெற்று ரவையை ஏற்றி, லீவரை மெதுவாக இழுத்துப் பார்த்தார். அது பறந்து போய்த் தகரத்தில் அடித்தது.