பெவர்லி மாட்டிய பலகை

பெவர்லி கிரீன்வுட் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால், எங்கள் ஹாக்ராய்டில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு ஓய்வு பெற்றவள். தட்டில் முட்டைக்கோஸ் மிச்சம் வைத்தால் ஒரு பிள்ளையையும் எழுந்திருக்க விடமாட்டாளாம். அதே பிடிவாதம், வெள்ளம் வருமுன் ஊரை எச்சரிக்கிற வெள்ளக் காவலிலும். அதற்குச் சம்பளம் கிடையாது, ஏச்சுதான் கிடைக்கும். ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்த வெள்ளத்தில் அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் மிதந்து போய் மாடிப்படியில் சிக்கிக்கொண்டது. யாரும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் வாங்கி மாட்டிய சட்டைதான் அது.

வானிலை நிலையம் ஆகக் குறைந்த மஞ்சள் எச்சரிக்கை விட்டால் போதும், வீடு வீடாகப் போய், வாசலில் வெள்ளம் புகாமல் தடுக்கிற பலகையை மாட்டச் சொல்வாள். பிறகு பாலத்தில் போய் நிற்பாள். ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது பாலத்தடிக் கருவியிலிருந்து அவள் செல்போனுக்கு வந்துகொண்டே இருக்கும். அவளுக்கு அதுதான் வேதவாக்கு.

அந்த ஆகஸ்டில் எச்சரிக்கை இடிமழைக்கு. வடக்கே எங்கோ கொட்டும் என்றார்கள். எந்தப் பள்ளத்தாக்கில் என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது, கோடை இடிமழை அப்படித்தான். எங்களுக்கோ ஆகஸ்டில் வெள்ளம் என்றாலே சிரிப்பு. வெள்ளம் குளிர்காலத்தில் வரும், கோடையில் வராது என்று நினைத்துப் பழகியவர்கள் நாங்கள். ஆனால் அந்த ஏப்ரலிலேயே மலைமேல் புதர்க்காடு எரிந்திருந்தது. ஏப்ரலில், அதுவும் யார்க்‌ஷயரில்! அடிமண்வரை எரிந்து மலை மொட்டையாகக் கிடந்தது. துணி காயப்போட முடியவில்லை என்று புகையைத் திட்டினோமே தவிர, மொட்டை மலையில் மழை விழுந்தால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று ஒருத்தராவது யோசித்தோமா? பெவர்லியும் யோசிக்கவில்லை.

எங்கள் ஊரில் மலைச்சரிவில் வீட்டின் மேல் வீடு. என் வாசல் மேல்தெருவில். என் வீட்டுக்கு அடியில் இருக்கிற கிளிஃபர்டுக்கு வாசல் கீழ்த்தெருவில், ஆற்றைப் பார்த்து. வேறு வழி கிடையாது. அவர் வீட்டுப் பின்சுவர் மலைக்குள் புதைந்திருக்கும். எண்பதைத் தாண்டியவர், நல்ல கனத்த உடம்பு, முழங்கால் இரண்டும் போய்விட்டன. அன்று மத்தியானம் பெவர்லி அவருடைய பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"மஞ்சள்தானே பொண்ணே? அதுக்குப் போய் என்னை ஜெயில்ல போடுறியா?"

"வாய மூடிட்டு கிரிக்கெட்ட கேளுங்க, பெரியவரே."

"புழுங்கிச் சாகுறேன். கதவையாவது தொறந்து வையேன்."

"தொறந்தே இருக்கட்டும். பலகை இருக்குல்ல, ஒரு சொட்டு உள்ள வராது. நான் வந்து கழட்டுற வரைக்கும் அசையக் கூடாது."

கரண்ட்டை மெயினில் அணைத்தாள். இடுப்பளவுப் பலகையை வாசல் சட்டத்தில் இறக்கி, வெளிப்பக்கமாக நின்று திருகுகளை இறுக்கினாள். அவர் விரல்கள் மடங்காது என்பதால் எப்போதும் அவள்தான் இறுக்குவாள். பேட்டரி ரேடியோவில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வீட்டுக்குத் திரும்பிக் கொஞ்ச நேரத்தில் வானம் பொத்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியவில்லை. பிறகு மேல்தெரு முழுக்கக் கறுப்பாகத் தண்ணீர் இறங்கி வந்தது, சாம்பலும் கரிந்த குச்சிகளுமாக. என் முற்றத்தில் புகுந்து, சுவரோரம் சுழித்து, அப்படியே மண்ணுக்குள் மறைந்தது. நல்லவேளை, வீட்டுக்குள் வரவில்லை என்று நினைத்த அடுத்த நொடியே அது எங்கே போகிறது என்று எனக்கு உறைத்தது. பெவர்லிக்குப் போன் போட்டேன்.

"பயப்படாத, ஆறு பாதிகூட ஏறல," என்றாள், நான் வாயைத் திறப்பதற்குள்.

"ஆத்த விடு! மலைலேருந்து வருது! என் முற்றத்துல பூந்து கீழ இறங்குது, கிளிஃபர்ட் உள்ள இருக்காரு!"

"பலகை," என்றாள். "ஐயோ, பலகை!"

சுத்தியலை எடுத்துக்கொண்டு பக்கப் படிகளில் இறங்கி ஓடினேன். கீழ்த்தெருவில் கணுக்கால் தண்ணீர்தான். உள்ளே கிளிஃபர்டுக்குத் தொடைக்கு மேல் ஏறியிருந்தது. பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பின்சுவரில் கல்லுக்குக் கல் ஊற்றிக்கொண்டிருந்தது. பலகை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, ஒரு சொட்டுகூட வெளியே விடவில்லை. அலமாரி மேலிருந்த ரேடியோ, லண்டனில் நல்ல வெயில் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

தண்ணீர் நெருக்கியதில், சுத்தியலால் தட்டியும் திருகு அசையவில்லை. அவரைத் தூக்கப் பார்த்தேன், என்னால் ஆகிற காரியமா அது?

"கால் இருக்கறதே தெரியல," என்றார் கிளிஃபர்ட். உதடு நீலம் பாரித்திருந்தது. அவருடைய ஒரு கை வழுக்கியது.

பெவர்லி பாலத்திலிருந்து ஓடி வந்தாள். என் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கித் திருகு பொருந்தியிருந்த இரும்பையே அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். இரும்பு தெறித்தது. பலகை அவள் முழங்காலில் மோதிப் பறந்தது, தண்ணீரும் கிளிஃபர்டும் அவள்மேல் வந்து விழுந்தார்கள். அவள் மல்லாந்து விழுந்தாலும் அவரை விடவில்லை, தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

"நான்தான் பூட்டுனேன், பெரியவரே. நான்தான்."

ஆம்புலன்ஸ் வந்து அவரைத் தூக்கிப் போகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அந்த மஞ்சள் சட்டை என் வாசல் கைப்பிடியில் தொங்கியது. 'இனிமே நான் இல்ல' என்று சொல்லாமல் சொல்லிவிட்டாள். ஊரும் சும்மா இருக்குமா? ஆற்றைக் காவல் காத்தவள் மலையைக் கோட்டைவிட்டாள் என்று மதுக்கடையில் கைகொட்டிச் சிரித்தது. மலை எரிந்தபோது வேடிக்கை பார்த்த அதே ஊர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிளிஃபர்ட் பிழைத்தார். சுவரைப் பூசிய பிறகு, மகள் எவ்வளவோ தடுத்தும் நவம்பரில் தன் வீட்டுக்கே திரும்பினார். அந்த வாரமே ஆற்றில் வெள்ளம் வரும் என்று ஆரஞ்சு எச்சரிக்கை வந்தது. பெவர்லியைக் கூட்டி வா என்று என்னை அனுப்பினார். அவள் வந்து புதுப் பலகையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள்.

"என்ன பாக்குற? மாட்டு."

"என்னால முடியாது, பெரியவரே. கை வரல."

"வரும். உள்ள வந்து மாட்டு."

அப்போதுதான் கவனித்தேன். வாசல் திருகுகளை ஆள் வைத்து உள்பக்கமாக மாற்றியிருந்தார்.

அவள் உள்ளே போனாள். பலகையை இறக்கி, உள்ளிருந்தே இறுக்கினாள். மஞ்சள் சட்டையை நான் போட்டுக்கொண்டு மேல்தெருவுக்குக் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். பலகைக்கு மேலே இரண்டு தலைகள் தெரிந்தன. இருவரும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.