இறகு அசையாத எழுத்து

என் பஞ்சாங்கத்துக்குள் ஒரு கோழி இறகு இருக்கிறது. வெள்ளை இறகுதான், இப்போது பழுப்பேறிவிட்டது. ஒரு பக்கம் பாதிக்கு மேல் உதிர்ந்து காம்பு தெரிகிறது. வருடம் பிறந்ததும் பழைய பஞ்சாங்கத்திலிருந்து எடுத்துப் புதியதற்குள் மாற்றி வைப்பேன். நீங்கள் இரண்டு பேரும் சின்ன வயதில் அதை எடுத்துக் காது குடையப் போய் என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறீர்கள். ஏன் திட்டினேன் என்று அப்போது சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. உங்கள் அம்மா போனபோது தம்பிக்கு மூன்று வயது, பாப்பாவுக்கு எட்டு மாதம். அவள் முகம் உங்களுக்கு நினைவிருக்க நியாயமில்லை. உங்கள் பெரியக்காவிடம் பேசும்போது எதிரே வந்து நின்று முகத்தைக் காட்டிப் பேச வேண்டும் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கம் இந்த வீட்டுக்குள் எப்படி வந்தது என்று தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. கோணலாக வந்தாலும் எழுதி வைத்துவிடுகிறேன்.

அப்போது நமக்கு ஒரு செக்கு இருந்தது. வீட்டுக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில். எள்ளும் ஆமணக்கும் ஆட்டி, கடத்தூர்ச் சந்தைக்கு எண்ணெய் கொண்டுபோவேன். மாட்டைக் கட்டி ஓட்டினால் காலையிலிருந்து உச்சி வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மாட்டுக்குக் கண்ணைக் கட்டியிருக்கும்; எனக்குக் கட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். என்னைப் பற்றி இப்படிச் சொல்லி உங்கள் அம்மா சிரிப்பாள்.

அவள் கன்னடம் பேசுகிற வீட்டுப் பெண். எல்லைப் பக்கத்து ஊர். கல்யாணமாகி வந்தபோது அவளுக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரிந்திருந்தால் அதிகம். என் அக்கா, அதாவது உங்கள் அத்தை, புருஷனை இழந்து நம் வீட்டோடு இருந்தவள். புதுப்பெண் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அன்று முழுக்க அதையே சொல்லிக் காட்டுவாள். உங்கள் அம்மா கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு வருடத்தில் அக்காவைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசினாள். பிள்ளையைக் கொஞ்சும்போது மட்டும் "நோடு கண்ணு, நோடு" என்பாள். பார் என்று அர்த்தம்.

பெரியக்காவுக்கு நாலரை வயது ஆகியிருந்தது. இரண்டு வயதில் அம்மா, பால், கோழி என்று நாலைந்து வார்த்தை பேசியவள்தான். நடுவில் ஒரு காய்ச்சல் வந்தது. இரண்டு காதிலும் சீழ் வடிந்து, மருந்து விட்டு நின்றது. காய்ச்சல் போனதோடு பேச்சும் ஒவ்வொன்றாகப் போயிற்று. சில பிள்ளைகளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். தீர்த்தமலைக்குக் கூட்டிப்போய் மேலிருந்து விழுகிற தண்ணீரில் நிற்க வையுங்கள் என்றார்கள், அதையும் செய்தோம். பிள்ளை தண்ணீரைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். பேச்சு வரவில்லை.

வருகிற விஜயதசமிக்கு அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஊருக்கு ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாத்தியார். போய்க் கேட்டேன். "வாய் திறக்காத பிள்ளையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுங்க? நாலு எழுத்து சொல்லட்டும், சேத்துக்கறேன். இல்லைன்னா வூட்டுலயே இருக்கட்டும். பொம்பளைப் பிள்ளைதானே" என்றார். வீட்டிலேயே இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெருவில் அவளை ஏற்கெனவே ஊமைச்சி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் சாகும்வரை போகாது.

அதனால் நானே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். செக்கை நிறுத்த முடியாது. செக்கு சுற்றும் இடத்துக்கு வெளியே அவளை உட்காரவைத்து, முறத்தில் எள்ளைப் பரப்பி, அதில் விரலால் நாலு எழுத்து எழுதி வைப்பேன். க, த, ப, ம. மாட்டின் பின்னால் நடந்துகொண்டே "கானா" என்று கத்துவேன். அவள் அந்த எழுத்தைத் தொட வேண்டும். எனக்கு என் வாத்தியார் அப்படித்தான் சொல்லித்தந்தார்: கானா, ஙானா, சானா, ஞானா. எள்ளில் எழுதுவதைப் பார்த்து அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "எள்ளும் தண்ணியும் செத்தவங்களுக்கு எறைக்கறதுடா. பச்சைப் பிள்ளைக்கு அதுலயா எழுத்துப் பழக்குவ?" நெல்லுக்கு எங்கே போவேன்? எங்களிடம் இருந்தது எள்.

இப்போது நான் எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. நான் அவளை நோக்கி நடந்து வரும்போது சொன்னால் கானாவைத் தொடுவாள், தானாவைத் தொடுவாள். பானா என்றால் மட்டும் சில நேரம் மானாவைத் தொடுவாள். அவளைத் தாண்டிப் போய் எனக்கு முதுகு அவள் பக்கம் ஆனபிறகு சொன்னால் ஒன்றையும் தொடமாட்டாள். எள்ளை அளைந்துகொண்டு சும்மா இருப்பாள். பாதிச் சுற்றுக்கு நல்ல பிள்ளை, பாதிச் சுற்றுக்குப் பிடிவாதக்காரி. இப்படியே பத்து நாள். அப்பன் பார்க்கும்போது செய்கிறாள், பார்க்காதபோது ஏமாற்றுகிறாள் என்றுதான் என் புத்திக்கு எட்டியது. அக்கா வேறு, "ஏண்டா, செக்கு மாடுகூட ரெண்டு சுத்துல பாதையக் கத்துக்குது. உம்மவளுக்குக் கொழுப்புடா" என்று ஏற்றிவிட்டாள்.

பதினோராம் நாள், முதுகு காட்டி நடக்கும்போது "மானா" என்று மூன்று தரம் கத்தினேன். திரும்பிப் பார்த்தால் பிள்ளை பக்கத்தில் மேய்ந்த வெள்ளைக் கோழிக்கு எள்ளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். மாடு ஓட்டுகிற குச்சி கையில் இருந்தது. கெண்டைக்காலில் இரண்டு வைத்தேன். அவள் கத்திவிட்டு, கண்ணீர் ஒழுக ஒழுக என் வாயைப் பார்த்தாள். கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள். இன்றுவரை அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா ஓடிவந்தாள். நேரே போய் மாட்டின் கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள். செக்குக் கிரீச்சென்று கத்தி நின்றது. "ஓடற செக்கைப் பொம்பள நிறுத்துவாளா?" என்று அக்கா கூச்சல் போட்டாள். அவள் காதில் வாங்கவில்லை. உள்ளே போய் வெண்கலத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துவந்து பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஓங்கி ஓர் அடி அடித்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாடு கழுத்தை உதறியது. கோழி படபடவென்று கூரைமேல் ஏறிவிட்டது. பிள்ளை மட்டும் காலைத் தடவிக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோழி ஏன் ஓடியது என்றுதான் பிறகு திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இவளுக்குக் கொழுப்பு இல்லீங்க. காது இல்லீங்க" என்றாள் உங்கள் அம்மா. பிறகு தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு அந்தப் பார்வை தெரியும்ங்க. இந்த வூட்டுக்கு வந்த புதுசுல ரெண்டு வருசம் நானும் உங்க எல்லார் வாயையுந்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். ரொம்ப நாளா சந்தேகந்தான். தட்டிப் பாத்துட்டா நெசமாயிடுமேன்னு பயந்துக்கிட்டுத் தட்டல."

நான் குச்சியை வேலிக்கு அந்தப் பக்கம் வீசினேன். வீசி என்ன? பட்டது பட்டதுதான்.

மறுநாளிலிருந்து பாடம் மாறியது. "உங்களுக்கு எழுத்துத் தெரியும், எனக்குத் தெரியாது. நீங்க எழுத்தைப் போடுங்க, சத்தத்தை நான் போடறேன்" என்றாள். முதல் வேலையாக என் கானா, பானாவை நிறுத்தினாள். "அந்த ஆனாவ எடுத்து வீசுங்க. எல்லாத்துக்கும் ஒரே வாலு தொங்குது. வாலையே பாத்துக்கிட்டிருந்தா எது ஆடு எது மாடுன்னு பிள்ளைக்கு எப்படித் தெரியும்?" நாற்பது நாள், காலையில் செக்குக் கட்டுவதற்கு முன்னால் மூன்று பேரும் முறத்தைச் சுற்றி உட்காருவோம். ப்-ஐயும் ம்-ஐயும் பிள்ளை ஏன் குழப்பினாள் என்று உங்கள் அம்மாதான் கண்டுபிடித்தாள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி ஒட்டுகிறது. பார்க்கிறவர்களுக்கு வேறுபாடு தெரியாது. கூரையிலிருந்து விழுந்திருந்த கோழி இறகு ஒன்றை எடுத்து உதட்டுக்கு முன்னால் பிடித்தாள். "ப்" என்றாள். இறகு துள்ளியது. முறத்தில் ப-வைக் காட்டினாள். பிறகு உதட்டை மூடி "ம்" என்றாள். இறகு அசையவில்லை. பிள்ளையின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு மறுபடி "ம்ம்" என்றாள். உள்ளே தேன்கூடு மாதிரி அதிர்ந்திருக்கும் போல. பிள்ளை கண்ணை அகல விரித்தாள்.

"நோடு கண்ணு. இறகு ஆடக் கூடாது. உள்ள மட்டும் சத்தம் இருக்கணும். அதுதான் ம்." காது கேளாத பிள்ளையிடம் இதை வாய்விட்டுச் சொல்வாள், ஒவ்வொரு நாளும். த்-க்குப் பல்லில் நாக்கு. ந்-க்கும் பல்லில்தான் நாக்கு, ஆனால் மூக்கில் விரல் வைத்தால் அதிரும். ர்-க்கு நாக்கு நுனி நடுங்குவதைக் காட்டுவாள். க்-தான் கஷ்டம், வாய்க்குள்ளே எங்கேயோ பின்னால் நடக்கிற வேலை அது. அதற்குத் தொண்டையின் மேல் இரண்டு விரல். பிள்ளை தன் தொண்டையில் ஒரு கையும் அம்மாவின் தொண்டையில் ஒரு கையுமாக உட்கார்ந்து, இரண்டும் ஒன்றாகும்வரை சொல்லிப் பார்ப்பாள். முதல்முதலாக அவள் வாயிலிருந்து சரியான "ம்" வந்த அன்று, அக்கா உள்ளிருந்து வந்து, முறத்திலிருந்து சிதறிய எள்ளைக் கூட்டி அள்ளி முறத்திலேயே போட்டாள்.

விஜயதசமி அன்று மூன்று பேரும் பள்ளிக்கூடம் போனோம். வாத்தியார் முதலில், எல்லாப் பிள்ளைக்கும் செய்வதுபோல், தலைக்கு மேலாகக் கையை வளைத்துக் காதைத் தொடச் சொன்னார். நான் செய்துகாட்டினேன், தொட்டாள். பிறகு அவர் பலகையில் எழுதி, புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "கானா எது, காட்டு" என்றார். பிள்ளை நின்றாள். மறுபடியும் சொன்னார். நின்றாள். பின்னால் இருந்த பையன்கள் சிரித்தார்கள். உங்கள் அம்மா அந்நிய ஆண் எதிரில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அன்று திறந்தாள். "சாமி, புத்தகத்தை எறக்குங்க. மொகத்தைக் காட்டிச் சொல்லுங்க. வாலு இல்லாம சொல்லுங்க."

வாத்தியாருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் புத்தகத்தை இறக்கி "ம்" என்றார். பிள்ளை ம-வைத் தொட்டாள். "த்" என்றார், தொட்டாள். அடுத்து அவர் எதையோ சொன்னார். அவளுக்குப் பிடிபடவில்லை. கொஞ்சம் யோசித்தாள். பிறகு நேராக நடந்துபோய், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் மடியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு எக்கி, அவர் தொண்டையில் இரண்டு விரலை வைத்தாள். வாத்தியார் நிழலைக்கூடப் பிள்ளைகள் மிதிக்காத காலம் அது. அவர் கையைத் தூக்கினார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். தூக்கிய கையால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மெதுவாக "க்" என்றார். பிள்ளை திரும்பி வந்து க-வைத் தொட்டுவிட்டு, வாயைத் திறந்து அவளும் "க்" என்றாள்.

"முன்வரிசைல உக்காரட்டும். என் மொகம் தெரியற எடமா பாத்து உக்கார வைங்க" என்றார் வாத்தியார். வருகிற வழியில் உங்கள் அம்மா என்னிடம், "ஏங்க, நானும் இப்ப பதினெட்டு எழுத்தும் படிப்பேன், தெரியுமா?" என்றாள். அதுவரை நான் அதை யோசிக்கவே இல்லை.

நாலு வருடம் போயிற்று. உலகச் சண்டை நடந்த காலம், எதுவும் கிடைக்காத காலம். உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் பகலில் போய்விட்டாள். ஊரே வந்து அழுதது. பெரியக்கா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். ஒன்பது வயது. கூட்டத்தில் யார் வாயைப் பார்த்தாலும் அழுகிற வாய். அவளால் ஒன்றும் படிக்க முடியவில்லை. உள்ளே போய் அந்த இறகை எடுத்துவந்து, அம்மா உதட்டுக்கு முன்னால் பிடித்தாள். இறகு அசையவில்லை. அப்போது, அம்மா "ம்" சொல்கிறாள் என்று அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். குனிந்து அம்மாவின் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வெகு நேரம் காத்திருந்தாள். பிறகு எழுந்து வந்து என் தொண்டையில் கை வைத்து, என் வாயைப் பார்த்தாள். உதட்டை மூடிக்கொண்டு "ம்" என்றேன். அம்மாவின் தொண்டையில் இல்லாத அதிர்வு என் தொண்டையில் இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அக்காதான் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

போன வாரம் பெரியக்கா பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பஞ்சாங்கத்தைத் திறந்து இறகை எடுத்தாள். காது நன்றாகக் கேட்கிற குழந்தைக்கு எதற்கு அது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அவள் எதிரே போய் உட்கார்ந்து, இத்தனை வருடம் முதுகைக் காட்டியே தள்ளிப்போட்ட வார்த்தையை மெதுவாகச் சொன்னேன். "செக்கடியில உன்னைக் குச்சியால அடிச்சேன் கண்ணு. உன் மேல தப்பு இல்ல."

அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு அந்தக் கனத்த குரலில் சொன்னாள்: "அடி ஞாபகம் இல்லப்பா. அம்மா மாட்டை நிறுத்துனது ஞாபகம் இருக்கு."

சொல்லிவிட்டுக் குழந்தையின் உதட்டுக்கு முன்னால் இறகைப் பிடித்தாள். "ப்" என்றது குழந்தை. உதிர்ந்தது போக மிச்சம் இருந்த இறகு துள்ளியது. அடுத்து, உதட்டை மூடச் சொல்லி, குழந்தையின் சின்னக் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு "ம்ம்" என்றாள். குழந்தையும் "ம்ம்" என்றது. இறகு அசையவில்லை.