ஓரம் எங்கே இருக்கிறது?

"சிவில் என்ஜினியரிங் படிச்ச பொண்ணு, சைக்கிளுக்கு வழி கேட்டு மனுவும் கையுமா அலையுறியே பாப்பா. இப்ப யாரு சைக்கிள் ஓட்டுறா?"

அம்மாவின் காரியம் முடிந்த சில வாரங்களில் மாமா என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் அம்மாவின் ஒரே தம்பி. என் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டார். அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் சிலருக்கும் அதே ஐயம் இருக்கலாம். அம்மாவின் வாழ்க்கையைச் சொன்னால் என் பதிலும் அதிலேயே வந்துவிடும்.

அம்மா தொட்டியம் அருகே, வாழைத் தோட்டங்களில் கூலி வேலை செய்த குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்ததால் பள்ளிக்கூடம் போகவில்லை. திருமணமாகி ஸ்ரீரங்கம் வந்தார். அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அம்மா தென்னூரில் ஒரு மாணவியர் விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். அந்த இருவர் உழைப்பில், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான். இதைப் பெருமையுடன் எழுதுகிறேன். அம்மா இருந்திருந்தால் எழுதச் சொல்லியிருப்பார்.

பதினோராம் வகுப்பில் எனக்கு அரசின் இலவச சைக்கிள் கிடைத்தது. என் படிப்பால் வீட்டுக்கு வந்த முதல் பொருள் அதுதான். நான் கல்லூரி விடுதிக்குப் போனபின் அது சும்மா நின்றது. ஒரு விடுமுறையில் நான் வந்தபோது அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலூர் சாலைக்கு அதை உருட்டி வந்தார்.

"பின்னாடி புடிச்சுக்கடி. விட்டே, தெரியும் சேதி."

கொஞ்ச தூரம் போனதும், "புடிச்சிருக்கியா?" என்றார்.

"அப்பவே விட்டுட்டேம்மா."

"ஏன்டி சொன்னே?" என்று கேட்டுக்கொண்டே வேலி ஓரமாய்ப் போய் இறங்கினார். விழவில்லை.

அதன்பின் வேலைக்குச் சைக்கிள்தான். உறவினர்கள் கேட்டார்கள்: "பொம்பளைங்களுக்கு பஸ்ஸுதான் ஃப்ரீயாச்சே, எதுக்கு இந்தப் பாடு?"

"பஸ்ஸு ஃப்ரீதான். அது வர்ற வரைக்கும் நிக்கிற என் நேரமும் ஃப்ரீயா?" என்றார் அம்மா.

பேருந்தை அவர் குறை சொன்னதில்லை. மழை நாட்களில் அதில்தான் போவார். ஆனால் விடிவதற்குள் அடுப்பு மூட்ட வேண்டிய வேலை. சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி அடுத்த பேருந்துக்குக் காத்திருந்த நேரமெல்லாம் சைக்கிளால் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த நேரத்தில் அம்மா மதியம் தூங்கினார். அதுவரை அம்மா பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. மூச்சு வாங்குவதும் குறைந்தது. சாலையில் அவரால் புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. ஆனாலும் அவருக்கு அந்தச் சாலையில் இடம் இருக்கவில்லை.

"ஓரமாப் போம்மா." பேருந்தும் ஆட்டோவும் பைக்கும் அவரிடம் சொன்னது இது ஒன்றுதான். ஓரம் என்று அவர்கள் காட்டிய இடத்தில் மணல் குவிந்திருக்கும், சாக்கடை மூடி பெயர்ந்திருக்கும், அதையும் தாண்டினால் ஒரு வேன் நின்றிருக்கும். ஒருநாள் பின்னால் வந்த லாரி ஹாரன் அடிக்க, அம்மா ஒதுங்கினார். மணலில் சக்கரம் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

"சைக்கிளை வித்துரு அக்கா" என்றார் மாமா.

"கை ஒடிஞ்சது மணலாலடா. மணலை அள்ளச் சொல்லு" என்றார் அம்மா. கட்டுப் பிரித்ததும் மறுபடி ஏறினார்.

அம்மா தினமும் கடந்த காவிரிப் பாலத்தைப் பழுது பார்த்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். தொடக்கத்தில் சில வாரங்கள் கார், பேருந்து, லாரிகளை நிறுத்திவிட்டு இருசக்கர வண்டிகளை மட்டும் விட்டார்கள். அப்போது ஒருநாள் அம்மா போனில் சொன்னார்: "இன்னைக்கு நடுப்பாலத்துல போனேன் பாப்பா. ஒருத்தரும் ஓரமாப் போன்னு சொல்லலை. பூக்காரங்க, நர்ஸம்மா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, எல்லாம் சைக்கிள்ல வருதுங்க. இத்தனை பேரும் இத்தனை நாளா எங்க இருந்தாங்க?"

மாமாவின் கேள்விக்கு இதுவே என் பதில். வழி இல்லாததால் வராமல் இருப்பவர்களைப் பார்த்து, ஓட்டுவதற்கு ஆளே இல்லை என்கிறோம்.

பழுது முடிந்து பாலம் எல்லா வண்டிகளுக்கும் திறந்தது. ஹாரன்களும் திரும்பின. எங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தபோது அம்மா வாழ்வில் முதல்முறையாக மைக்கைப் பிடித்தார். கவுன்சிலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பஸ்ஸும் லாரியும் போகணும்லம்மா. நீங்க கொஞ்சம் ஓரமாப் போயிக்கங்க" என்றார்.

"போறேன் தம்பி. ஓரம் எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கவுன்சிலரும் சிரித்துவிட்டு, "இதையே எழுதிக் கொடுங்கம்மா" என்றார்.

மனுவை நான் எழுதினேன். பாலத்தின் இக்கரையில் மாம்பழச்சாலையிலிருந்து அக்கரையில் சத்திரம் பேருந்து நிலையம் வரை இருபுறமும் ஒரு சைக்கிள் தாராளமாகப் போகும் அகலம். வண்டிகள் ஏறாதபடி சிறு தடுப்பு. சாலையோடு சமமான சாக்கடை மூடிகள். முடிந்த இடங்களில் நிழல் மரம். பேருந்து நிலையத்தில் சைக்கிளைப் பூட்டி வைக்க ஓர் இடம். ஒரு மேம்பாலத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது என்பதைப் படித்தவளாகச் சொல்கிறேன். சைக்கிளுக்கு வழி கிடைத்தால் பேருந்து ஓட்டுபவருக்கும் நிம்மதிதான்.

பதில் வருவதற்குள் அம்மாவைக் கல்லீரல் நோய் படுக்கையில் போட்டது. மருத்துவமனையில் ஒரு மாலை, "மனு என்னாச்சு?" என்று கேட்டார்.

"பரிசீலனையில இருக்காம்."

"அப்படின்னா?"

"பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம்மா."

"பாத்தா தெரியாது. ஓட்டிப் பாக்கச் சொல்லு."

அந்த வாரமே அம்மா எங்களை விட்டுப் பிரிந்தார்.

அந்த நாட்களில் வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த விடுதிச் சமையலறைப் பெண்களுக்கும், எந்நேரமும் கூப்பிட்ட குரலுக்கு ஆட்டோவுடன் வந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிய செவிலியர்களுக்கும், அம்மாவின் உயரத்துக்கு சீட்டை இறக்கித் தந்த சைக்கிள் கடைப் பெரியவருக்கும், ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கிய உறவினர்களுக்கும் அப்பாவும் நானும் என்றும் நன்றியுடையவர்கள்.

"ஓட்டிப் பாக்கச் சொல்லு" என்று அம்மா சொன்னதை மாநகராட்சிப் பொறியாளர் ஒருவரிடம் அப்படியே சொன்னேன். "சைக்கிள் தொட்டு ரொம்ப வருஷமாச்சும்மா" என்று தயங்கியவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாம்பழச்சாலைக்கு வந்துவிட்டார். அம்மாவின் சைக்கிளை அவருக்குக் கொடுத்து, நான் வாடகை சைக்கிளில் பின்னால் போனேன். பாலத்தை நெருங்கும்போது ஒரு பேருந்தின் படிக்கட்டிலிருந்து குரல் வந்தது: "யோவ், ஓரமாப் போய்யா."

அவர் காலை ஊன்றி நின்று இடப்பக்கம் பார்த்தார். மணல் மேடும் ஒரு பெயர்ந்த மூடியும் இருந்தன. "இதுக்கு மேல எங்கம்மா போறது?" என்றார். பின்னர், அந்தப் பகுதியில் மட்டுமாவது முதலில் செய்து பார்க்கலாம், அளவெடுத்து வரைபடம் கொடுங்கள் என்றார்.

சென்ற வாரம் அளந்தோம். டேப்பின் மறுமுனையை மாமா பிடித்துக்கொண்டார். "யாரு ஓட்டுறா?" என்று இம்முறை கேட்கவில்லை, கடந்து போன சைக்கிள்களுக்கு வழிவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை வரைபடத்தை அலுவலகத்தில் சேர்த்துவிட்டேன். அதில் எல்லாவற்றையும் வழக்கப்படி ஆங்கிலத்தில் குறித்திருக்கிறேன். சாலையின் இருபுறமும் பச்சையில் வரைந்த இரண்டு பட்டைகளுக்கு மட்டும் தமிழில் பெயர் எழுதினேன்: ஓரம்.

— மகள்